புல்லிப் பிரட்டல்

டின்னின் அடியில் ஒரு சிறு சாவி ஒட்டிக்கொண்டு வரும். அம்மா அதை நகத்தால் நெம்பி எடுப்பார். டின்னின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டு முனையைச் சாவியின் துளைக்குள் நுழைத்து நிதானமாகச் சுற்றுவார். தகடு விரல் அகலத்துக்குக் கிழிந்து சாவியில் சுருண்டுகொண்டே வரும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் கோணலாகக் கிழிந்து பாதியில் நின்றுவிடும். அப்புறம் கத்தி முனையால் குத்தித் திறக்க வேண்டியதுதான். அதனால் அந்த நேரத்தில் அம்மா யாரோடும் பேச மாட்டார். நானும் தம்பியும் அடுப்பங்கரையில் பலகை போட்டு உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். சுற்று முடிந்து மூடி கழன்றதும், விளிம்பெல்லாம் வெள்ளைக் கொழுப்பு உறைந்த இளஞ்சிவப்புக் கறிக்கட்டி பொத்தென்று தட்டில் விழும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி மணக்கும். சனிக்கிழமை இது மணக்கும்.

அப்போது நாங்கள் மலாக்காவில் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தின் முகாமில் வேலை. யாராவது கேட்டால் சமையல்காரர் என்று சொல்லிக்கொள்வார். உண்மையில் அவர் உருளைக்கிழங்கு உரிப்பவர், அண்டா கழுவுபவர், விறகு அடுக்குபவர். ஆனால் அந்தக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டால் பட்டாளமே தன் பின்னால் வருவது மாதிரிதான் மிதிப்பார். கீழே விழுந்து நெளிந்த டின்களைச் சிப்பாய்களுக்குப் போடுவதில்லையாம். சமையல்கட்டில் இருந்த சார்ஜண்ட் அவற்றை அப்பாவிடம் தள்ளிவிடுவார். வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு, பழைய துண்டில் சுற்றி சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவருவார். கடைச் சாமான் மாதிரி அவற்றில் படம் கிடையாது. மங்கிய தங்க நிறத் தகட்டில் கறுப்பு எழுத்துகள் மட்டும் இருக்கும்.

அம்மா செய்யும் பிரட்டலுக்கு எண்ணெயே வேண்டாம். டின்னின் கொழுப்பை வழித்து வாணலியில் போட்டால் அதுவே உருகிப் பொங்கும். அதில் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் வெடித்ததும், நிறைய வெங்காயம். வெங்காயம் சிவந்த பிறகு சின்னச் சதுரங்களாக நறுக்கிய உருளைக்கிழங்கு. கடைசியில்தான் கறியை உதிர்த்துப் போட வேண்டும். அது ஏற்கெனவே வெந்த கறி, உப்பும் அதிலேயே இருக்கும். அடியில் லேசாகக் கருகும்வரை கிளறாமல் விட வேண்டும் என்பதுதான் அம்மாவின் தொழில் ரகசியம். நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அந்த வாணலியில் ஒரு பிடி சோற்றைப் போட்டுப் பிரட்டி, கருகலைச் சுரண்டிச் சுரண்டி அம்மா சாப்பிடுவார். நாள் முழுவதும் சிடுசிடுத்த முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகும். எனக்குத் தெரிந்து அம்மா தனக்கென்று ஆசைப்பட்டுச் சாப்பிட்ட பண்டம் அது ஒன்றுதான்.

அதற்கு எங்கள் வீட்டில் புல்லி என்று பெயர். முகாமில் வெள்ளைக்காரன் அப்படித்தான் சொல்கிறான் என்று அப்பா சொன்னார். கல்யாணமான புதிதில் முதல் டின்னைக் கையில் வாங்கிய அம்மா, இது என்ன கறி என்று கேட்டிருக்கிறார். அப்பா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "புல்லு திங்கிற ஆடு புள்ள. அவன் ஊருல ஆடு புல்லு மட்டுந்தான் திங்கும். அதான் புல்லி," என்றாராம். அம்மா அதை அப்படியே நம்பினார். நம்பியதோடு விடவில்லை. அண்டை அயலுக்கெல்லாம் விளக்கமும் சொல்வார். நம்ம ஊர் ஆடு குப்பை மேட்டில் காகிதத்தைத் தின்கிறது, அதனால்தான் கறியில் கவிச்சி அடிக்கிறது, வெள்ளைக்காரன் ஆடு அப்படி இல்லை என்பார். நானும் பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா எப்படிப்பட்டவர் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்குப் பால்காரர் பசுவையே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் கறந்து கொடுப்பார். அம்மா செம்பை நீட்டுவதற்கு முன் பசுவின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அது சாணி போட்டால் முகம் சுளிக்காமல் அள்ளி வந்து வாசல் தெளிப்பார். மாரியம்மனுக்கு வருஷம் தவறாமல் பால்குடம். ஆடி மாதம் முழுக்க வீட்டுக்குள் முட்டைகூட வராது. மாட்டுக்கறிக் கடை இருக்கிறது என்பதற்காகவே பசாரில் ஒரு பக்கமாகப் போகமாட்டார், சுற்றிக்கொண்டு வருவார்.

எனக்குப் பத்து வயது. நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம். தெருவெல்லாம் தோரணம், தம்பி கையில் எந்நேரமும் ஒரு காகிதக் கொடி. கான்வென்டில் அந்த மாதம்தான் ஆங்கிலப் பாடத்தில் பண்ணை மிருகங்கள் வந்திருந்தன. மிருகத்துக்கு ஒரு பெயர், அதன் கறிக்கு இன்னொரு பெயர் என்று சிஸ்டர் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்தார். அந்தச் சனிக்கிழமை அம்மா டின்னைத் திறந்துகொண்டிருந்தார். எழுத்துகள் இருந்த பக்கம் என் பக்கமாகத் திரும்பியிருந்தது. படிக்கத் தெரிந்த புதுசில் எதைப் பார்த்தாலும் படிக்கத் தோன்றும் அல்லவா? உதட்டை அசைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன். பி, இ, இ, எஃப். மறுபடியும் கூட்டினேன். தலையை நிமிர்த்தியபோது அப்பா அடுப்பங்கரை வாசலில் நின்று என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, வெளிய வா," என்றார். அவ்வளவு மெதுவாக அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. வேலியோரம் ரம்புத்தான் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான்தான் கேட்டேன்.

"பீஃப்னா மாடுதானப்பா?"

"ஆமா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லிடாதம்மா. தெரிஞ்சா அவ உசுரோட இருக்க மாட்டா."

அப்புறம்தான் சயாமைப் பற்றிச் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனதில் அவரும் ஒருவர் என்பது மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். சண்டை முடிந்த அன்று அவர் ஒரு அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் கிடந்தாராம். வந்த வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரன் ஒருவன் டின்னைத் திறந்து, வெந்நீரில் கரைத்து, கரண்டியால் வாயில் ஊற்றினான். பக்கத்தில் கிடந்தவர் கண்ணெதிரே செத்துப் போனார், இவர் பிழைத்துக்கொண்டார். "அவன் புல்லின்னு சொன்னான். நானும் புல்லின்னு நெனச்சேன். முகாம்ல வேலைக்குச் சேந்த பொறவுதான் தெரியும். தெரிஞ்சப்ப வுட முடியல பாப்பா. இப்பவும் ஒடம்புக்கு முடியலன்னா வாய் அதத்தான் கேக்குது," என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் மரப்பட்டையை உரித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல் பரிதாபமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நீங்கள் பிழைத்தீர்கள், சரி, அம்மாவை ஏன் ஏமாற்றினீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

அன்று வயிற்றுவலி என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமையும் ஏதோ சாக்கு. அம்மா வாணலியைச் சுரண்டும் சத்தம் கேட்டபோது ஓடிப்போய் அந்தக் கரண்டியைப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது. ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது சனிக்கிழமை நான் தட்டை நீட்டிவிட்டேன். அந்த மணத்துக்கு முன்னால் என் ரோஷம் இரண்டு வாரம்தான் தாக்குப்பிடித்தது. வெட்கம் கெட்ட நாக்கு. அதன் பிறகு அப்பாவும் நானும் கூட்டாளிகள் ஆகிவிட்டோம். சாப்பிடும்போது அவர் ஒருமுறை என்னைப் பார்ப்பார், நான் தட்டைப் பார்ப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஆடி மாதம். அப்பாவுக்கு இரண்டு மூன்று நாளாக உடம்பு சரியில்லை. நெஞ்சு கனக்கிறது என்றார், வாய்வு என்று சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தார் அம்மா. அன்று சாயங்காலம் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, குழந்தை மாதிரி, "புள்ள, அந்த டின்னு ஒண்ணு கெடக்குல்ல. ஒரு வாய் பண்ணிக் குடேன்," என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆடி மாசங்க. ஆத்தா வூட்டுக்கு வர்ற மாசம். மாசம் முடியட்டும், மொதல் நாளே பண்ணித் தாரேன். ஒரு மாசம் நாக்கக் கட்ட முடியலயா ஒங்களுக்கு?" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, "சரி, முடியட்டும்," என்றார். மறுநாள் காலை வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். பத்து மணிக்கு முகாம் லாரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அண்டா பக்கத்தில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

அம்மா அழுததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. ஆனால் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை மறக்கவில்லை. ஒரு வாய் கேட்டாரே, ஒரு வாய் கேட்டாரே. பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் போன பிறகும் அதே வார்த்தைதான். அடுக்குப் பலகையில் இருந்த அந்தக் கடைசி டின்னை அம்மா யாரையும் தொடவிடவில்லை. வாரா வாரம் ஈரத்துணியால் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைப்பார். அந்தப் பலகைக்கு நேர் மேலே மாரியம்மன் படம். நான் படிக்க உட்காரும் இடத்திலிருந்து இரண்டும் ஒன்றாகத் தெரியும். புத்தகத்தில் எழுத்து ஓடாது.

வருஷத் திதி கழிந்து தீபாவளி வந்தது. எங்களில் தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படையல் போடுவது வழக்கம். அவர்கள் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதெல்லாம் இலையில் வர வேண்டும். சுருட்டுக்காரருக்குச் சுருட்டு, கள்ளுக்காரருக்குக் கள்ளு. அப்பாவின் இலைக்கு அம்மா ஒரு வருஷமாகக் காத்திருந்தார். டின்னில் அடைத்ததைப் படையலில் வைக்கலாமா என்று மட்டும் ஒரு சந்தேகம் வந்து, அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டார். அவர் தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் சிட்டி இனத்து அம்மாள். பெயர் தமிழ், நெற்றியில் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். அம்மா அவரைக் காக்கா என்று கூப்பிடுவார். மலாயில் அது அக்கா. சின்ன வயதில் எங்களுக்கு இது பெரிய வேடிக்கை. முன்னோருக்கு இலை போடுவதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. அவர் யோசிக்கவே இல்லை. "ஆப்ப டியா சுக்கா, இத்துலா காசி," என்றார். அவருக்கு எது பிடிக்குமோ அதைக் கொடு. அவ்வளவுதான், அம்மாவுக்குச் சந்தேகம் தீர்ந்தது. எனக்குத் தூக்கம் போனது.

பதின்மூன்று வயதுப் பெண்ணின் மூளை எப்படி ஓடும் என்று இப்போது நினைத்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. அம்மன் படத்துக்கு முன்னால் மாட்டுக்கறியைப் படைக்கப் போகிறார்கள், அதை அம்மா தன் கையால் செய்யப் போகிறார், புக்கிட் ரம்பாயிலிருந்து அத்தை குடும்பம் வந்து அதைச் சாப்பிடப் போகிறது. தெரிந்தும் சும்மா இருந்தால் சாமி என் கண்ணைத்தான் குத்தும் என்று உறுதியாக நம்பினேன். சொல்லிவிடலாம் என்றால் அப்பாவின் குரல் காதில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதற்கு நான் என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. படையலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து டின்னை எடுத்துப் பாவாடையில் சுற்றிக்கொண்டு ஓடினேன். தெருக்கோடிப் பெரிய சாக்கடையில், அந்த லோங்காங்கில், மழைத்தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அதில் போட்டேன்.

திரும்பி வந்து, டின் உப்பிப்போயிருந்தது, அப்படி உப்பினால் உள்ளே விஷம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் எறிந்துவிட்டேன் என்றேன். அம்மா வெறுமையாகக் கிடந்த பலகையைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "படிச்ச புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பதில் இரண்டு அறை வைத்திருக்கலாம்.

வேறு டின் வாங்கி வருகிறேன் என்று நானே கிளம்பினேன். மூலைக்கடை முதலாளியான சீனத் தவுக்கே எங்களை நன்றாகத் தெரிந்தவர். அடுக்கில் இரண்டு வகை டின் இருந்தது. ஒன்றில் கொம்போடு மாட்டுத் தலைப் படம், இன்னொன்றில் ஆட்டுப் படம். என் கண் முதல் டின்மேல் போனதைப் பார்த்த தவுக்கே, "இனி லெம்பு லா, லு தாவு கா?" என்று எச்சரித்தார். இது மாடு, உனக்குத் தெரியுமா என்கிறார். தெரியும் தவுக்கே, நன்றாகத் தெரியும். ஆட்டுப் படம் போட்டதை வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "பாத்தியா, புல்லு திங்கிற ஆட்டையே போட்டுருக்கான்," என்றார். நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கே பெருமையாக இருந்தது.

படையல் அன்று அம்மா வாணலி பக்கம் யாரையும் விடவில்லை. சாமிக்கும் செத்தவருக்கும் சமைப்பதை ருசி பார்க்கக் கூடாது. கைப்பழக்கத்திலேயே எல்லாம் செய்தார். கொழுப்பு போதவில்லை என்று எண்ணெய் ஊற்றியதைப் பார்த்தேன். இலை போட்டு, சாம்பிராணி காட்டி, அப்பாவின் காக்கிச் சட்டையை மடித்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு வழக்கப்படி அறைக்கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றோம். செத்தவர்கள் வந்து கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்வது. கொஞ்ச நேரம் கழித்து, வருகிறோம் என்பதற்கு அடையாளமாக அம்மா கனைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். அப்பாவின் இலையின் முன் உட்கார்ந்து, புல்லியில் ஒரு வாய் எடுத்து வைத்தார்.

மென்றவர் நிறுத்திவிட்டார். இன்னொரு முறை எடுத்து வைத்தார். பிறகு கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, "இது அது இல்ல," என்றார். அத்தை, "நல்லாத்தான இருக்கு அண்ணி," என்றார். அம்மா தலையை ஆட்டினார். "அவரு தொடல. வந்திருந்தா இப்படியா இருக்கும்? கேட்டப்ப குடுக்கல, இப்ப யாருக்கு வேணும்னு போயிட்டாரு. இன்னும் கோவம்," என்று சொல்லி, இலையை அப்படியே மடித்தார். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் இதே கதை. அம்மா ஆட்டு டின்னை வாங்கி வரச் சொல்வார், வெங்காயத்தைக் கூட்டிப் பார்ப்பார், மிளகாயைக் குறைத்துப் பார்ப்பார். ஒரு வருஷம் உருளைக்கிழங்கைப் பட்டாளத்துப் பாணியில் மசித்துக்கூடப் போட்டார். கதவு திறந்ததும் ஒரு வாய் வைத்துவிட்டுத் தலையை ஆட்டுவார். "இந்த வருசமும் வரல." உறவெல்லாம் அது அம்மாவின் பைத்தியம் என்று விட்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாமா என்றிருக்கும். சொன்னால் என்ன சொல்ல வேண்டும்? அப்பா கோபித்துக்கொள்ளவில்லை அம்மா, அவர் கேட்ட பண்டத்தை நான்தான் லோங்காங்கில் போட்டேன். அது ஏன் என்றால், நீங்கள் பத்து வருஷத்துக்கு மேலாக வழித்து வழித்துச் சாப்பிட்டது மாடு. முதல் பாதியைச் சொல்ல இரண்டாவது பாதியையும் சொல்லியாக வேண்டும். அதனால் இரண்டையும் விழுங்கினேன்.

ஆறாவது தீபாவளிக்கு நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், கால் வீங்கி, நடை குறைந்திருந்தது. இன்னும் எத்தனை நாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் டின் வாங்கி வரச் சொன்னபோது அம்மா, "இதான் கடைசி. இதுக்கும் வரலன்னா, நானே போயி மன்னிப்பு கேட்டுக்கறேன்," என்றார். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை. தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் உஜோங் பாசிர் வரைக்கும் சைக்கிளில் போய், அங்கே ஒரு கடையில் கொம்பு வைத்த டின்னை வாங்கினேன். வீட்டுக்கு வந்து கொல்லைப்பக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்தேன். நகக்கண்ணெல்லாம் பசை. எழுத்தும் படமும் போய் வெறும் தகடாக ஆனதும், முகாமில் இருந்த ஒருவர் கொடுத்தார், பழைய மாதிரியே இருக்கிறது என்று அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அதை வாங்கித் தடவிப் பார்த்தார். "இதான். இதேதான்," என்றார்.

பலகையில் உட்கார்ந்தபடியே அவர்தான் சமைத்தார். சாவியைச் சுற்ற விரலில் பலம் இல்லை, நான்தான் சுற்றினேன். கொழுப்பு உருகி வந்த மணத்தில் அம்மாவின் கரண்டி ஒரு நிமிஷம் நின்றது. அத்தை குடும்பத்துக்கு ஏதோ சாக்கு சொல்லி அந்த வருஷம் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். தம்பிக்கும் வேறு குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டேன். பாவம் ஒரு ஆளோடு போகட்டும் என்று ஒரு கணக்கு. அம்மன் படத்தைத் திருப்பி வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் செய்யவில்லை.

கதவைத் திறந்து, அம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் இலைமுன் உட்கார வைத்தேன். ஒரு வாய் எடுத்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார். பிறகு இன்னொரு வாய். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"வந்துட்டாருடி. இந்த வருசம் வந்துட்டாரு. தின்னுட்டாரு," என்றார்.

இலையில் இருந்தது முழுவதையும் சாப்பிட்டார். அவருக்கு உப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், நான் தடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சிறுபிள்ளை மாதிரி விரலை நக்கினார். அன்று அவர் தூங்கிய தூக்கத்தை அப்பா போன பிறகு நான் பார்த்ததே இல்லை. நான்தான் விடியும்வரை கொல்லையில் உட்கார்ந்திருந்தேன். மாசித் திருவிழாவுக்கு முன் அம்மா போய்விட்டார். அந்த வருஷப் பால்குடத்துக்கு வாங்கி வைத்த புதுச் செம்பு அப்படியே இருந்தது.

அம்மாவை மனநிம்மதியோடு அனுப்பிவைத்தேன் என்று சொல்வதா, அவர் உயிராக மதித்த விரதத்தைக் கெடுத்து அனுப்பினேன் என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. அப்பாவாவது முதலில் தெரியாமல் சாப்பிட்டார். நான் தெரிந்தே ஊட்டினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட.

இப்போது எனக்கு எண்பதை நெருங்குகிறது. என் மகள் புல்லிப் பிரட்டலை என்னைவிட நன்றாகச் செய்கிறாள். சூப்பர்மார்க்கெட்டில் மாட்டுப் படம் போட்ட டின்னைத் தயங்காமல் கூடையில் போட்டுக்கொள்கிறாள். "இதெல்லாம் ஒங்க காலத்துப் பிரச்சனம்மா," என்பாள். பேரப்பிள்ளைகள் அதை ரொட்டியில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். தீபாவளிக்கு முதல் நாள் இரண்டு இலை போடுவேன். அப்பாவின் இலையில் புல்லி எப்போதும் உண்டு. அம்மாவின் இலையில் வைப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு வருஷமும் எனக்குள் நடக்கும் சண்டை. சில வருஷம் வைத்திருக்கிறேன், சில வருஷம் வைத்து எடுத்திருக்கிறேன். போன வருஷம் நான் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே மகள் இரண்டு இலையிலும் பரிமாறிவிட்டாள். "பாட்டிக்கு உசுருன்னு நீங்கதானம்மா சொல்வீங்க," என்றாள். ஆமாம், நான்தான் சொல்லியிருக்கிறேன். இந்த முறை எடுக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றோம். அம்மா அன்று நின்ற மாதிரியே நான் நின்றேன். அவருக்கு இருந்த பயம் அப்பா வருவாரோ மாட்டாரோ என்பது. எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை, அம்மா வருவார். அப்பாவோடு அங்கே இத்தனை வருஷம் இருந்தவருக்கு இந்நேரம் எல்லாம் தெரிந்திருக்கும். இலையைப் பார்த்ததும் என்ன செய்வார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. கதவில் நெற்றியை வைத்து, பிள்ளைகளுக்குக் கேட்காமல், "அம்மா, அப்பா சொல்லிட்டாரா?" என்று கேட்டேன்.

"போதும்மா, தொறக்கலாமா?" என்றாள் மகள். பிள்ளைகளுக்குப் பசி.

"இரு," என்றேன். "இன்னுங் கொஞ்ச நேரம் ஆவட்டும். ஒங்க பாட்டி மெதுவாத்தான் சாப்பிடுவாங்க."